அத்தை கொண்டுவந்த குதிரை

குதிரை லத்திக்கும் மாட்டுச் சாணத்துக்கும் வாடை வேறு என்று சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் அடுக்களைக்கும் தொழுவத்துக்கும் நடுவில் வளர்ந்தவர்கள். சாணத்துக்கு ஈர வாடை. லத்திக்கு, வெயிலில் காய்ந்த புல்லைக் கையில் வைத்துக் கசக்கினால் வருகிற வாடை. எங்கள் வீட்டில் அந்த வாடை ஒரே ஒரு கன்னிப்பூ வெள்ளாமைக் காலம்தான் இருந்தது. குதிரை சித்திரையில் வந்தது, புரட்டாசியில் போய்விட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தக் காலத்தில் நம் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் சண்டை போடுவோம். பூதப்பாண்டிக்கு வடக்கே, மலையைப் பார்த்துக் கிடக்கும் வயல்களுக்கு நடுவில், ஒரு தென்னந்தோப்பு, அதற்குள் வீடு, பக்கத்தில் தொழுவம் என்று எங்கள் இடம் ஊரிலிருந்து தள்ளி இருந்தது. தொழுவத்தில் ஒரு ஜோடி வெள்ளைக் காளைகள், உழவுக்கான எருமைக்கடாக்கள், செவத்தா என்ற கறவைப் பசு, அதன் கன்று. முற்றத்தில் வாத்துகள். மணி என்று ஒரு நாய். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டாமல் அப்பா ஒரு நாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. பின்னால் நான் சொல்லப்போகிறதைக் கேட்கும்போது இதையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கெட்ட மனுஷன் இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. மார்த்தாண்டம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. மாமாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் விற்பார். அந்த வருஷம் மாசியில் காய்ச்சல் கண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. மாமாவின் அண்ணன்மார் வீட்டையும் விளைநிலத்தையும் வைத்துக்கொண்டு, குதிரையையும் வண்டியையும் மட்டும் அத்தை பக்கம் தள்ளிவிட்டார்கள். தாராள மனசினால் இல்லை. குதிரையின் நெற்றியில் இரண்டு சுழி இருந்தது. அப்படிப்பட்ட குதிரை வீட்டு ஆம்பிளைக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமா இருந்தவரைக்கும் அந்தச் சுழி ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை.

அத்தை வந்த பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைச் சேலையைத் தலையோடு போர்த்துக்கொண்டு, வண்டியின் முன்பலகையில் உட்கார்ந்து, தானே கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் ஒரு தகரப் பெட்டி, ஒரு செம்புப் பானை, அரை மூட்டை காணம். கொள்ளைத்தான் நாம் காணம் என்போம். வண்டிச் சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். அத்தையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் குதிரையின் நெற்றியைப் பார்த்தார். அத்தை அதைக் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இறங்கி, முதலில் குதிரையை அவிழ்த்துவிட்டு, அதன் பிறகுதான் என் அம்மையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மை அவளுக்கு மைனி. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அத்தைக்கு இருபத்தைந்துகூட ஆகியிருக்காது.

குதிரைக்கு மாமா வைத்த பெயர் ராணி. தொழுவத்தின் ஓரத்தில், விறகு போட்டிருந்த சாய்ப்பை ஒழித்து அதைக் கட்டினார்கள். முதல் ஒரு வாரம் செவத்தா பால் தரவில்லை. புதிதாக வந்த இந்த உயரமான சாமான் என்ன என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்கும். எருமைகள் ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை. மணி மட்டும் மூன்றாம் நாளே போய் ராணியின் காலடியில் படுத்துவிட்டது. வாத்துகள் வரிசையாக அதன் வயிற்றுக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் போகும். ஒரு வாத்தைக்கூட அது மிதித்ததில்லை. காலைத் தூக்கி, கீழே பார்த்து, இடம் கண்டு வைக்கும்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாடெல்லாம் படுத்து அசைபோடும்போது ராணி மட்டும் ஒரு பின்னங்காலை லேசாக மடித்து, கீழுதடு தொங்க நின்றுகொண்டிருக்கும். வீட்டுக்குக் காவல் நிற்கிறது என்று நினைத்திருந்தேன்.

காலையில் காணம் வேகிற வாசனையில்தான் நான் விழிப்பேன். அத்தை அந்தச் செம்புப் பானையில் காணத்தை வேகவைத்து, வடித்து, ஆறவைத்து, கொஞ்சம் உப்புப் போட்டுப் பிசைந்து, ஒரு சாக்குப் பைக்குள் கொட்டி அதன் வாயில் மாட்டிவிடுவாள். பைக்குள்ளிருந்து கறுக் கறுக்கென்று சத்தம் வரும். பிறகு தேங்காய்க் கதம்பை நாரைத் தண்ணீரில் நனைத்து உடம்பெல்லாம் தேய்ப்பாள். தேய்க்கும்போது ராணியின் தோல் அங்கங்கே தானாகச் சிலிர்க்கும். "ஏட்டி, இஞ்ச வா, கையை நீட்டு" என்று கூப்பிட்டு என் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி வைப்பாள். ராணியின் உதடு வந்து தொடும்போது வெந்நீரில் நனைத்த துணி மாதிரி இருக்கும். எடுத்துக்கொண்டு போனதே தெரியாது. கையில் கொஞ்சம் எச்சில்தான் மிச்சம்.

அத்தை சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இல்லை. நெல்லை மில்லுக்குக் கொண்டுபோனாள். வாழைக்குலைகளைச் சந்தைக்குக் கொண்டுபோனாள். அம்மையின் பிறந்த வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் முன்பு ஒரு மாதம் யோசிக்க வேண்டும். இப்போது நினைத்த நாளில் போனோம். ரோட்டில் பார்த்தவர்கள் பேசாமல் இல்லை. தாலியறுத்தவள் வண்டி ஓட்டுகிறாள், அதுவும் குதிரை வண்டி. ஆனால் அப்பாவுக்கு உள்ளூர சந்தோஷம். ஒரு ஆம்பிளை செய்கிற வேலையைச் செய்கிறாள் என்று அம்மையிடம் சொல்வார். அத்தையிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவள் அந்த வீட்டில் எதிர்பார்த்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

ஆவணியில் கன்னிப்பூ அறுப்பு நெருங்கியது. அறுப்புக்காரர்களுக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடும் உப்பும் வேண்டும். கடப்புறத்தில் நேராக வாங்கினால் நல்ல சரக்காகக் கிடைக்கும் என்று அத்தை சொன்னாள். கடியப்பட்டணத்தில் ஒரு மீன்காரி, மாமாவிடம் வழக்கமாகக் கருப்பட்டி வாங்கியவள், அத்தைக்குப் பழக்கம். அப்பா சரி என்றார். பள்ளிக்கூடம் லீவு, நானும் ஏறிக்கொண்டேன்.

கடலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாகர்கோவில் தாண்டி, பனைகள் தாண்டி, மண் வெளுத்துக்கொண்டே போனது. காற்றில் ஏதோ ஒன்று கனத்தது. ராணிக்கும் அது தெரிந்துவிட்டது. காதை முன்னால் விறைத்துக்கொண்டு நடை மாறியது. கடற்கரையில் அத்தை அதை அவிழ்த்து, வாரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரம் வரைக்கும் கூட்டிப்போனாள். அலை வந்து குளம்பைத் தொட்டதும் ராணி துள்ளிப் பின்னால் போனது. அடுத்த அலைக்கு நின்று பார்த்தது. மூன்றாவது அலையில் மூக்கை வைத்து முகர்ந்து, உப்பு பட்டுத் தும்மியது. அத்தை சிரித்தாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தலையிலிருந்து சேலை நழுவியது, அவள் அதை இழுத்து விடவில்லை.

அன்று மீன்காரி வீட்டில் தங்கினோம். பெரிய உடம்பு, பெரிய குரல், காதில் தொங்கும் பாம்படம். சுவரில் மாதா படம். ஊரில் ஒருவரும் கேட்காததை அவள் நேராகக் கேட்டாள். "மக்கா, நீ அண்ணன் வீட்டுல எம்பிட்டு நாளு இருப்ப? ஒனக்கிட்ட வண்டி இருக்கு, குதிர இருக்கு. இஞ்ச மீனு இருக்கு. சந்தைக்குக் கொண்டு போவதுக்கு ஆளில்லாம நாங்க தலைச்சுமையா ஓடுகோம். யோசிச்சுப் பாரு." அத்தை, அண்ணன் சம்மதிக்க மாட்டார் என்று மட்டும் சொன்னாள். மீன்காரி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. எனக்கு முள் எடுத்து மீன் ஊட்டினாள்.

மறுநாள் நாங்கள் வீடு திரும்பியபோது தொழுவத்தில் ஒரு காளை மாறியிருந்தது. எங்கள் ஜோடியில் ஒன்றுக்கு வயசாகி, நுகத்தில் சாய்ந்து சாய்ந்து நடந்தது. அடுத்த போகமான கும்பப்பூவுக்கு உழ வேண்டும். அப்பா அதைச் சந்தையில் தள்ளிவிட்டு அதே வெள்ளை நிறத்தில், அதே கொம்பு அமைப்பில் ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். உழவுக்காரருக்கும் எங்களுக்கும் தவிர, பக்கத்து வயல்காரர்களுக்கு வித்தியாசமே தெரியாது. விலை நன்றாகக் குறைந்து வந்தது என்று அப்பாவுக்குப் பெருமை. அத்தை காளையின் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் வடிந்து ரோமம் ஒட்டியிருந்தது. "அண்ணே, இதுக்குக் கண்ணு ஒழுகுகே" என்றாள். ரோட்டுத் தூசி என்றார் அப்பா.

இரண்டு நாளில் அது தீனி எடுக்காமல் நின்றது. வாயைத் திறந்தால் ஈறெல்லாம் தவிடு அப்பின மாதிரி வெள்ளைப் புண். பிறகு கழிச்சல் தொடங்கியது. அந்த நாற்றத்தை நான் எழுத விரும்பவில்லை, கண்டவர்களுக்குத் தெரியும். அப்பாவும் உழவுக்காரரும் அதற்கு என்னென்னவோ அரைத்துக் கொட்டிப் பார்த்தார்கள். அதற்குள் ஒன்றிரண்டு தடவை எங்கள் மாடெல்லாம் போகிற குளத்துக்கே அதையும் ஓட்டிப்போயிருந்தார்கள். கீழவயல்காரர் வீட்டு எருமைகளும் அந்தக் குளத்தில்தான் கிடக்கும். புதுக் காளை செத்த அன்று, அக்கம்பக்கத்து ஆள் வந்து பார்ப்பதற்குள் தோப்பின் தெற்கு மூலையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

பிறகு எங்கள் எருமைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கீழவயல்காரரின் எருமைகளும் விழுந்தன. அதற்கு அப்பால் இருந்தவர்களின் மாடுகளும். வெக்கை நோய் என்று பெயர் சொன்னார்கள். எங்கு பார்த்தாலும் பருந்து வட்டமிட்டது. கடைசியாகச் செவத்தா படுத்தது. கன்று பால் குடிக்கப் போய் முட்டும், செவத்தா காலை நகர்த்த முடியாமல் கிடக்கும். அத்தை கன்றை விலக்கிக் கொண்டுபோய் ராணியின் சாய்ப்பில் கட்டி, கஞ்சித் தண்ணீரில் விரலை நனைத்து நனைத்து சூப்பக் கொடுத்தாள். அம்மை செவத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டே இருந்தாள். கடைசி வரைக்கும் அது அம்மையின் மணிக்கட்டை நக்கப் பார்த்தது, நாக்கில் புண்.

நாகர்கோவிலில் மாட்டு டாக்டர் இருக்கிறார், கூப்பிடலாம் என்று அத்தை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா வேண்டாம் வேண்டாம் என்றே இருந்தார். செவத்தா போன மறுநாள் அத்தை யாரையும் கேட்கவில்லை. வண்டியைப் பூட்டிக்கொண்டு போய், மத்தியானத்துக்குள் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். ராணியின் வாயில் நுரை தள்ளியிருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். அரைக்கால் சட்டை, தோல் பெட்டி, மலையாளம் கலந்த பேச்சு. அவர் வந்திருக்கிறார் என்று கேட்டு, மாடு செத்தவர்களெல்லாம் எங்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். கீழவயல்காரர் முன்னால் நின்றார். அப்பாவுக்குச் சின்ன வயசிலிருந்தே சிநேகிதர். அவருக்கு இருந்த எருமை எல்லாம் போய்விட்டது. மூன்று நாள் சவரம் செய்யாத முகம்.

மிஞ்சியிருந்த பழைய காளையின் வாயைப் பார்த்துவிட்டு டாக்டர் அப்பாவிடம் கேட்டார்: "இந்த நோய் தானா வராது. ஈயிடையில புதுசா ஏதும் உருப்படி வந்திட்டுண்டோ?"

நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அப்பா டாக்டரைப் பார்த்தார். கீழவயல்காரரைப் பார்த்தார். முற்றத்தில் நின்ற எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"குதிர ஒண்ணு நிக்கு. போன மாசம் கடப்புறம் போயிட்டு வந்துது."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இத்தனை வருஷமாக நான் யோசித்து யோசித்துப் பார்ப்பது அதைத்தான். ஒரு பொய்கூட இல்லாமல் அவர் சொல்லிவிட்டார்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, குதிரைக்கு இந்த நோய் வராது, மாட்டுக்கு மாடுதான் கொண்டுவரும், வேறு மாடு ஏதும் வாங்கவில்லையா என்று மறுபடி கேட்டார். அப்பா இல்லை என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை டாக்டரையும் எங்களையும் தவிர யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஏற்கெனவே சாய்ப்பின் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்கள். ராணி வியர்வை காயாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் கால்களுக்கு இடையில் செவத்தாவின் கன்று படுத்திருந்தது.

என் தலையில் இருந்த அத்தையின் கை இறுகியது.

டாக்டர் மிச்சம் இருந்த சில மாடுகளுக்கு ஊசி போட்டார். குழியில் சுண்ணாம்பு கொட்டச் சொன்னார். அவரைத் திரும்பக் கொண்டுவிட அத்தை வண்டியைப் பூட்டினாள். அவள் போனபிறகு முற்றத்தில் பேச்சு வளர்ந்தது. சுழி பற்றி ஒருவர் சொன்னார். மாமா செத்ததை ஒருவர் சொன்னார். வந்த வீட்டையும் போன வீட்டையும் வாழவிடாத கால் என்று ஒரு கிழவி சொன்னாள். அது குதிரையின் காலைச் சொன்னதா, அத்தையின் காலையா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மையிடம் போய், அந்த வெள்ளைக் காளை நாம் புதிதாக வாங்கினதுதானே என்று கேட்டேன். அம்மை என் வாயைக் கையால் பொத்தினாள். அந்தக் கையில் செவத்தாவின் வாடை இருந்தது.

ஊர்க்காரர்கள் அப்பாவுக்கு ஒரு வாரம் தவணை சொன்னார்கள். அதற்குள் குதிரையை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் குளத்தில் எங்கள் வீட்டுக் கால் படக்கூடாது, வாய்க்கால் தண்ணீரும் கிடையாது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவரை நான் இப்போது புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். நோயைக் கொண்டுவந்தது நான் வாங்கின காளைதான் என்று சொல்லியிருந்தால், ஊரில் செத்த மாட்டுக்கெல்லாம் அவர் பதில் சொல்லவேண்டும். கும்பப்பூ உழவு நேரம், ஒருவர் தொழுவத்திலும் உழ ஒரு ஜோடி மாடில்லை. அவர் பயந்துவிட்டார். பயம் எனக்குப் புரிகிறது. பயந்தவர், கண்ணெதிரே இருந்ததில் எது திருப்பிப் பேசாதோ அதைக் காட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை திரும்பி வந்து, ராணிக்குத் தண்ணீர் காட்டி, உடம்பைத் துடைத்துவிட்டு, உள்ளே வந்தாள். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மை பரிமாறிக்கொண்டிருந்தாள். அத்தை வாசற்படியிலேயே நின்றாள். மூலையில் பாயில் படுத்திருந்த என்னை அவர்கள் கணக்கில் வைக்கவில்லை.

"அண்ணே, வெளிய நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இஞ்ச நாம மூணு பேருதான் இருக்கோம். என் மொகத்தப் பாத்து ஒரு தடவ சொல்லுங்க, குதிரதான் கொண்டு வந்துதுன்னு. நான் நம்பிட்டுப் போறேன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அம்மைதான் அழுதாள். அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மைனி, நான் நாளைக்குப் போறேன் என்று சொல்லிவிட்டுச் சாய்ப்புக்குப் போனாள்.

காலையில் அவள் காணம் வேகவைத்தாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போதும் போல என்னைக் கூப்பிட்டு என் கையில் கருப்பட்டி வைத்தாள். ராணி வழக்கம்போல எடுத்துக்கொண்டது. அம்மை அரிசியும் புளியும் ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தாள். கன்றை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டும்போது அது திமிறியது. அப்பா வயலுக்குப் போயிருந்தார். அறுவடை முடிந்து காய்ந்துகொண்டிருந்த வயலில் அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

என்னை ரோடு வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். கடப்புறம் என்றாள். நானும் வரட்டுமா என்றேன். அத்தை ராணியை நிறுத்தினாள்.

"நீ போயி படி மக்கா. கன்னுக்குக் கஞ்சித் தண்ணி குடு. வெரல நனைச்சுக் குடு, பாத்திரத்தோட வச்சா குடிக்காது."

நான் இறங்கினேன். கன்றுக்கு அப்படியே கொடுத்தேன். அது பிழைத்துப் பசுவாகி, எங்கள் வீட்டில் பல ஈத்து ஈன்றது.

அந்தக் கும்பப்பூவுக்கு எங்கள் வயலை மண்வெட்டியால் கொத்தித்தான் நட்டார்கள். ஊர் முழுக்க அப்படித்தான். விளைச்சல் பாதிகூட வரவில்லை. தோப்பில் காளையைப் புதைத்த தெற்கு மூலைத் தென்னைகள் மட்டும் அடுத்த வருஷம் பாளை பாளையாகத் தள்ளிக் காய்த்துக் குலுங்கின. அம்மை அந்தத் தேங்காயை அடுக்களையில் ஏற்றவில்லை. ஏன் என்று அப்பா கேட்கவும் இல்லை. அப்படியே வியாபாரிக்குப் போட்டார்கள்.

அத்தையைப் பற்றிச் செய்தி மீன் விற்கிறவர்கள் வாயிலாக வரும். வண்டியில் கடியப்பட்டணத்து மீனைச் சந்தைகளுக்குக் கொண்டுபோகிறாள் என்றார்கள். சொந்தக்காரர்கள் அதைக் கேட்டு அப்பாவிடம்தான் துக்கம் விசாரித்தார்கள், இப்படி ஒரு தங்கை வாய்த்தாளே என்று. அப்பா அதையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஆனி மாதம். மழையும் காற்றுமாக இருந்த ஒரு நாளில், மீன் கொண்டுவந்த பெண் ஒருத்தி அம்மையிடம் சொன்னாள். குதிரை செத்துப்போயிற்று. நனைந்து புளித்த காணத்தைத் தின்று வயிறு ஊதி, ஒரு பகல் முழுக்கப் புரண்டு, மண்ணிலேயே போய்விட்டதாம். அத்தை மீன் கூடையைத் தலையில் எடுத்துக்கொண்டு நடந்துதான் போகிறாளாம். அம்மை அப்பாவிடம் சொன்னாள். மறுநாள் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஏன் என்னைக் கூட்டிப்போனார் என்று அப்போது தெரியவில்லை. தனியாக அவள் முன்னால் போய் நிற்க அவருக்குத் தைரியம் இருந்திருக்காது.

கடல் அன்று சாம்பல் நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. படகெல்லாம் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். அத்தை மீன்காரி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக் குடிசையில் இருந்தாள். கறுத்து, மெலிந்து, முழங்கை எலும்பு தெரிந்தது. வெள்ளைச் சேலை இல்லை. ஏதோ ஒரு நீலச் சேலை. குடிசைக்கு வெளியே வண்டி மட்டும் ஏர்க்கால் தரையில் கிடக்க நின்றது. என்னைக் கண்டதும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மேல் மீன் வாடை அடித்தது. ராணியின் வாடை கொஞ்சமும் இல்லை.

அப்பா வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். வாய்க்கால் தண்ணீர் பற்றிப் பேசினார். பிறகு, நீ வீட்டுக்கு வந்துரு, ஒனக்கு அங்க ஒரு குறையும் இருக்காது என்றார். வீட்டில் இப்போது மாடு இருக்கிறது, மைனி தனியாகக் கஷ்டப்படுகிறாள் என்றார்.

அத்தை என் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"குதிர செத்துப்போச்சு அண்ணே. நான் அங்க வந்த பொறவு நாளைக்கு ஒரு கேடு வந்தா எதக் காட்டுவீங்க? இனி நான்தானே மிச்சம்."

அப்பா எழுந்து வெளியே போய், கடலைப் பார்த்து நின்றார். மீன்காரி எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அப்பா அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார், மழைத் தூறல் அதில் விழுந்தது.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா, வீட்டுக்குப் போகிற வரப்பில் திரும்பாமல், கீழவயல்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார். வேகமாக நடந்தார், நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது. சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பத்து வயசுப் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கீழவயல்காரர் படப்பில் வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தார். வாரும், வாரும், என்ன விசேஷம் என்றார். உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார். அவருடைய தொழுவத்தில் புதிதாக வாங்கின ஒரு எருமைக்கடா நின்றது. அப்பா அதன் முதுகில் கையை வைத்துத் தடவினார். நல்ல உருப்படி என்றார். கீழவயல்காரர் அது வந்த விலையைச் சொன்னார். அப்பா மோரைக் குடித்தார். நாளை மறுநாள் உழவுக்கு இதை ஒரு பகல் தருவீரா என்று கேட்டார். அதுக்கென்ன, ஓட்டிட்டுப் போரும் என்றார் அவர்.

நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அவள் வரவில்லையா என்று அம்மை கேட்டாள். வரல்ல என்றார் அப்பா. என்ன சொன்னாள் என்று கேட்டாள். ஒண்ணும் சொல்லல்ல என்று காலைக் கழுவப் போனார்.

அதன்பிறகு அப்பா முப்பது வருஷத்துக்குமேல் இருந்தார். அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரவே இல்லை. அத்தை கடற்கரையிலேயே இருந்து, அங்கேயே போனாள். என் கல்யாணத்துக்கு ஒரு கூடை வஞ்சிர மீன் கொடுத்தனுப்பினாள், நேரில் வரவில்லை. அப்பா செத்த அன்று மட்டும் வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, யாருடனும் பேசாமல், அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

போன தை மாதம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கீழவயல்காரரின் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நம்மைப் போல அவனுக்கும் எண்பது தாண்டிவிட்டது, கையில் ஊன்றுகோல். அவன் பேத்தி ஒருத்தி, எட்டு வயசு இருக்கும், அவன் மேல் சாய்ந்து நின்றாள். என்னைக் காட்டி அவளிடம் சொன்னான்: "இவங்களுக்க அத்த பண்டு ஒரு குதிர கொண்டு வந்தா. அந்தக் குதிரையாலதான் நம்ம ஊரு மாடு பூரா செத்துது."

நான் சொன்னேன். எழுபது வருஷத்துக்குப் பிறகு, மேளச் சத்தத்துக்கு நடுவில், குரலை உயர்த்திச் சொன்னேன். "குதிர இல்ல. எங்க அப்பா ஒரு காள வாங்கிட்டு வந்தாரு. அதுதான் நோயக் கொண்டு வந்துது. அவருக்கே தெரியும்."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நல்ல மனசோடுதான் சிரித்தான். அத்தைமேல் எனக்கு இருக்கிற பாசம் அவனுக்குத் தெரியாதா என்பது போல என் கையைத் தட்டிக்கொடுத்தான். "சும்மா கெடயும். உங்க அப்பாவ எங்களுக்குத் தெரியாதா" என்றான்.

அந்தச் சின்னப் பெண் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரை என்ன கலர் என்று கேட்டாள்.

சுட்ட கருப்பட்டி மாதிரி, பிடரி மட்டும் கறுப்பு என்றேன். அதையாவது அவள் நம்பினாள்.